பலகையில் கீறல் எங்கே?

ஊர்க் கமிட்டித் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். கோயில் முற்றத்துப் பந்தலில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கச் சொன்னீர்கள். "அந்த மனுசன் பலகையக் கீறிக் கெடுத்தாரு. அதனாலதான் சிலுவைப் பயலுக்குக் கால் போச்சு." இதுதான் நீங்கள் சொன்னது. அதே மாலை அது கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. பதினோரு வருஷமாக அங்கேயே கிடக்கிறது.

இப்போது அவர் இறந்துவிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு, ஊரில் பிறந்து செத்த எல்லாருடைய பெயரையும் கல்லறைத் தோட்டத்தில் மைக்கில் வாசிப்போம். பட்டியலைக் கமிட்டிதான் எழுதிக் கொடுக்கும். அதில் அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவருடைய தங்கச்சி மாப்பிள்ளையூரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். "ஊர்லருந்து நீக்குன ஆளு பேர ஊர் மைக்குல எப்படிம்மா வாசிக்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். அந்த அம்மாள் பஸ்ஸுக்கு நின்றது என் பட்டறை வாசலில். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எழுதுகிறவன் இல்லை. ஃபைபர் படகு செய்கிறவன். என் கையில் எப்போதும் ரெசின் நாற்றம்தான் இருக்கும். பேனா பிடித்துப் பழக்கமில்லை. கோர்வையாக வராது. வருகிறபடி சொல்கிறேன்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது முதலில் உங்கள் மைக்கில் வர வேண்டும். அதுவரை 'அவர்' என்றே இருக்கட்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், எதையும் சுரண்டுகிற மனிதர். டீ வந்தால் மேலே படிந்த ஆடையைக் கரண்டியால் வழித்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் குடிப்பார். கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டு, பழைய பெயிண்டை ஒரு பொட்டு விடாமல் தானே சுரண்டுவார். மூன்று நாள் சுரண்டுவார். கூப்பிட்ட ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவான். கதவு அப்படியே மரமாக நிற்கும். "இதுவே நல்லாத்தான இருக்கு" என்பார்.

பேச்சையும் அப்படித்தான் சுரண்டி வைத்திருந்தார். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் இரண்டு வரும்.

"அண்ணாச்சி, ஏன் கல்யாணம் பண்ணல?"

"கப்பல்ல இருந்தேன்."

"கப்பல்ல இருந்தவன் எல்லாம் பண்ணாமலா இருக்கான்?"

"அவன் பண்ணுனான்."

அவ்வளவுதான். அவரோடு பேசிவிட்டு வரும்போது எனக்கு யாரையாவது அடிக்கலாம் போலிருக்கும்.

கப்பலில் வேலை பார்த்தது உண்மை. ஒரு தடவை நார்வேயில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுபோனது. அந்தக் குளிர்காலமும் அடுத்த வசந்தமும் அவர் மலைமேல் ஒரு கடையில் வேலை செய்தார். பனியில் சறுக்குகிறவர்கள் காலில் மாட்டும் நீளக் கட்டைகளை வாடகைக்குக் கொடுக்கிற கடை. சறுக்கிவிட்டுத் திருப்பிக் கொண்டு வரும் கட்டைகளின் அடிப்பக்கத்தை மறுநாளைக்குத் தயார் செய்து வைப்பது அவர் வேலை. கப்பல் கிளம்பும்போது கடைக்கார அம்மாள் அவருக்கு ஒரு ஜோடி கொடுத்தாளாம். அதைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் பஸ் ஏறினார். கண்டக்டர், "இது என்னவே, ஏணியில பாதியக் காணும்?" என்று கேட்டாராம். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கட்டை. வீட்டில் சூசையப்பர் படத்துக்குக் கீழே இரண்டு ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

உப்புக் காற்று அடிக்கிற ஊரில் பனிக்கட்டை. நாங்கள் விடுவோமா?

"அண்ணாச்சி, கார்த்திகையில ஐஸ் மழை பெய்யுமாம். கட்டைய எடுத்து வைங்க."

"ஐஸ் பேக்டரி லாரி வருது, போயி சறுக்கிட்டு வாங்க."

அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். ஒவ்வொரு வருஷமும் தவக்காலத்தில் ஒரு நாள் அந்தக் கட்டைகளை இறக்கி, அடிப்பக்கம் மேலே தெரிய இரண்டு ஸ்டூல்மேல் குப்புறப் போட்டு, மெழுகு பூசுவார். எதற்கு என்று கேட்டால், "காஞ்சிரும்" என்பார். அதை நான் பார்த்திருக்கிறேன். வேலை என்றால் அது வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். மாதா கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைத்திருப்பார். அதற்குப் பதிலாகக் கோயில்பிள்ளை வீட்டுக்கு ஒரு கூறு மீன் போகும். சலவைக்கார அண்ணாச்சி இஸ்திரி போடுகிற பழைய கரிப்பெட்டியைச் சூடு பண்ணி, அதில் மெழுகை வைத்து உருக்கிக் கட்டைமேல் சொட்டவிட்டு, பெட்டியால் தேய்ப்பார். ஆறவிடுவார். பிறகு ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, பூசிய மெழுகு முழுவதையும் சுரண்டிப் போட்டுவிடுவார்.

முதல் தடவை பார்த்தபோது, "பூசுனத எல்லாம் சுரண்டவா பூசுனீரு?" என்று கேட்டேன்.

"உள்ள போனது போதும். மேல நிக்கது கெடுதல்."

சுரண்டி முடித்ததும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தலையிலிருந்து வால்வரை ஒரே திசையில் இழுப்பார். அதன் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். முரட்டு உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றிக் கட்டையின் நீளத்துக்குக் கோடு கோடாகக் கீறினார். என் தொழிலில் கீறல் விழுந்தால் அந்தப் படகை எவனும் வாங்க மாட்டான். அச்சிலிருந்து படகை எடுக்கும்போது அதில் முகம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் நாள் கணக்கில் பாலிஷ் போடுகிறோம்.

"கெடுக்கிய அண்ணாச்சி."

அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். நான் அறிந்து அவர் பேசியதிலேயே நீளம் அதுதான்.

"குளுரு காலத்துல பனி மாவு மாதிரி கெடக்கும். வழவழன்னு இருந்தா ஓடும். வெயில் காலம் தொடங்குச்சுன்னா பனி உருகி ஈரமாயிரும். கையில அள்ளிப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். அந்த ஈரம் கட்டைய உறிஞ்சிப் பிடிச்சிக்கிடும். வழவழப்பு கூடக்கூட பிடியும் கூடும். கோடு போட்டா காத்து நுழையும், தண்ணி விலகும். விட்டுரும்."

"வழவழன்னு இருந்தா ஒட்டுமாக்கும்? எவன் சொன்னான்?"

அவர் மறுநாள் என் பட்டறைக்கு வந்தார். கீழே கிடந்த ஃபைபர் துண்டுகளில் நன்றாகப் பளபளக்கிற இரண்டைப் பொறுக்கினார். என் பாலிஷ்தான், முகம் தெரியும். ஒன்றின்மேல் தண்ணீர் தெளித்து மற்றதை அதன்மேல் வைத்து அழுத்தினார். என் கையில் கொடுத்தார்.

"நேரா மேல தூக்கிப் பிரி."

பிரிக்க முடியவில்லை. நான் தினமும் படகு தூக்குகிறவன். முழங்கையை ஊன்றி இழுத்தும் வரவில்லை. வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் துண்டுகளை வாங்கி, பக்கவாட்டில் நகர்த்திப் பிரித்து, ஒன்றின்மேல் உப்புத்தாளால் ஐந்தாறு கோடு இழுத்தார். மறுபடி தண்ணீர், மறுபடி அழுத்தம். இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வேலையாள் ஒருவன், "ஏலே, முதலாளி பாலிஷ் தோத்துட்டுடே" என்றான். அவனை அன்றைக்கு நான் திட்டியது அளவுக்கு மீறி.

அந்தக் கோபம் எனக்குள்ளே கிடந்தது. அதை மறைக்க மாட்டேன். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்குள் இதெல்லாம் ஏன் வந்தது என்றால், கடல் எங்கள் கரையை அரித்தது. காய்ந்த மணல் குறைந்து, கரை சரிவாகி, எப்போது பார்த்தாலும் ஈரமாகக் கிடந்தது. படகை மேலே இழுக்க டிராக்டர் இறங்கினால் சக்கரம் புதையும். ஆட்கள்தான் கயிறு பிடிக்க வேண்டும். ஒரு படகுக்கு இருபது பேர். ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் ஊருக்கு வந்தால், "உங்க ஊர்ல மீன் பிடிக்கத விட படகு இழுக்கதுதான் வேல" என்று சிரிப்பார்கள்.

அவர் ஒன்றும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போனார். என்னையும் வண்டியோடு கூட்டிக்கொண்டு போனார், சாமான் ஏற்ற வேண்டும் என்று. துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் காலையிலிருந்து மத்தியானம்வரை நடந்தார். கப்பல் உரசாமல் இருக்கத் துறைமுகச் சுவரில் பதிக்கிற கனத்த பிளாஸ்டிக் தகடு ஒரு கடையில் குப்பையோடு கிடந்தது. குத்தவைத்து அதை நகத்தால் கீறிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அங்க கட்டைக்கு அடியில ஒட்டுவானே, அதே சாமான்."

அந்தத் தகட்டைத்தான் இரண்டு நீளப் பலகைகளின் அடியில் போல்ட் அடித்து முடுக்கினார். முன்பக்கம் மேலே வளைந்திருக்கும். இரண்டையும் குறுக்குக் கட்டையால் இணைத்தார். படகு கரை தட்டியதும் அதை முன்முனையான அணியத்துக்குக் கீழே செருக வேண்டும். படகு அதன்மேல் ஏறி உட்காரும். பிறகு இழுக்கலாம். படகுக்குச் செருப்பு என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. மெழுகு, கரிப்பெட்டி, சுரண்டல், பிரஷ், கடைசியாகக் கோடு, எல்லாம் பனிக்கட்டைக்குச் செய்ததுதான்.

தினமும் விடிந்ததும் அலை வந்து தொடுகிற இடத்தில் போய் நிற்பார். ஒரு கை மணலை அள்ளிப் பிழிவார். தண்ணீர் சொட்டினால் அன்றைக்குப் பலகையில் பெரிய கோடு. உதிர்ந்தால் சின்னக் கோடு. வெறுங்காலை மணலில் பதித்து எடுத்து, எடுக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்பார். ஆட்கள், "அண்ணாச்சி மணலுக்கு வைத்தியம் பாக்காரு" என்பார்கள். ஆனால் கயிற்றை எட்டுப் பேர்தான் பிடித்தார்கள். இருபது பேர் இழுத்த படகை எட்டுப் பேர் இழுத்தார்கள். படகுக்காரன் சிலுவையே என்னிடம் சொல்லியிருக்கிறான்: "படகு பின்னாடி நாய்க்குட்டி மாதிரி வருதுண்ணே."

சிலுவைக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்.

தலைவரே, மாதா திருவிழா வந்தது. செருப்பைக் கமிட்டி சார்பில் பங்குச் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிப்பதாகவும், பக்கத்து ஊர்க் கமிட்டிகளைக் கூப்பிட்டுக் காட்டுவதாகவும் முடிவெடுத்தீர்கள். கொடியேற்றத்துக்கு மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் என் பட்டறைக்கு வந்தீர்கள். நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஏலே, வெளியூர்க்காரன் எல்லாம் வாரான். எலி கடிச்ச பலகையவா காட்டுவ? கண்ணாடி மாதிரி பண்ணிக் குடு. நீ போட்டா மொகம் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவர்ட்ட கேட்டா 'ம்'ம்பாரு. அது என்னன்னு விளங்குறதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும்."

நான் சிரித்தேன். செய்தும் கொடுத்தேன். தங்கச்சியைத் திருவிழாவுக்கு அழைக்க அவர் மாப்பிள்ளையூரணிக்குப் போயிருந்த நாள் அது. ரந்தா போட்டு, மணலில் படுகிற இடத்துக் கோடு முழுவதையும் இழைத்து எடுத்தேன். சூடு காட்டி மட்டமாக்கினேன். மெழுகைக் கனமாகப் பூசித் துணிச்சக்கரத்தால் பளபளப்பு ஏற்றினேன். மெழுகைச் சுரண்டவில்லை. சுரண்டினால் பளபளப்பு போகும். அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், அந்த இரண்டு ஃபைபர் துண்டுகள் இருந்தன. வேலையாட்கள் முன்னால் நான் தோற்றது இருந்தது.

மந்திரிக்கும்போது சாமியார் தெளித்த தீர்த்தம் பலகைமேல் முத்து முத்தாக நின்றது. வெளியூர்க் கமிட்டிக்காரர்கள் தடவிப் பார்த்து, "அடேயப்பா" என்றார்கள். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். அவர் கூட்டத்தில் பின்னால் நின்றார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனதும் வந்து, உள்ளங்கையால் பலகையை முன்னிருந்து பின்னாக ஒரு தடவை தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஈரத்துல இறக்காத" என்றார். உங்களிடமும் அதையே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள், "சரி சரி, திருவிழா முடியட்டும், பிறகு உம்ம கோட்டப் போட்டுக்கிடும்" என்றீர்கள்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சிலுவையிடம் போய்ச் சொல்லவில்லை. சத்தம் போடவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டி வைத்திருக்கலாம், செய்யவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைக்கிறவர் அவர். இந்த உலகத்தில் யாருக்கு ஐயா ஒரு தடவை போதும்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் இதுதான்.

திருவிழா முடிந்து கடலுக்குப் போன முதல் நாள், காலை பத்து மணிக்குச் சிலுவையின் படகு கரைக்கு வந்தது. அவர் கோடு போடுவதற்கு உப்புத்தாள் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். கரையில் நின்றவர்கள் காத்திருக்கவில்லை. எடுத்துச் செருகினார்கள். எட்டுப் பேர் கயிறு பிடித்தார்கள். காய்ந்த தரையில் அந்தப் பலகை எண்ணெய்போல ஓடியிருக்கும். அது நின்றதோ அலை வந்து போன ஈரத்தில். படகு ஏறி உட்கார்ந்ததும் மணல் பலகையைப் பிடித்துக்கொண்டது. என் கையில் ஒட்டிய அந்த இரண்டு துண்டுகள் மாதிரி. இழுத்தார்கள், அசையவில்லை. சிலுவை இறங்கி வந்து அணியத்துக்குத் தோள் கொடுத்தான். அடுத்த அலை பின்பக்கத்தைத் தூக்கிப் படகைத் திருப்பியது. பலகை திரும்பவில்லை. அவன் கால் பலகைக்கும் படகுக்கும் நடுவில் இருந்தது.

நான் பட்டறையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது அவர் தண்ணீரில் குத்தவைத்துப் பலகைக்கு அடியில் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். காற்று நுழையட்டும் என்றுதான். ஒரு கை ஆழம் தோண்டியதும் பலகை விட்டுக்கொடுத்தது. அவர்தான் சிலுவையை எடுத்தார். கால் முழங்காலுக்குக் கீழே மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் கூட்டம். சிலுவையின் மாமனார் வீட்டு ஆட்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. நீங்கள் எழுந்து மைக்கை வாங்கினீர்கள். பலகையில் கோடு கோடாகக் கீறி வைத்திருந்ததாகவும், கோட்டில் மணல் அடைத்து நின்றுவிட்டதாகவும் சொன்னீர்கள். கேட்டவர்களுக்கு அது சரியாகப்பட்டது. திருவிழாவில் பளபளப்பைப் பார்த்தவர்கள்கூட, பிறகு அவர் கோடு போட்டிருப்பார் என்று நினைத்தார்கள். கீறல் இருந்தால் உரசும், வழவழப்பாக இருந்தால் வழுக்கும். குழந்தைகூட அப்படித்தான் நினைக்கும். என்னைப்போல.

அவர் எழுந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார், என் பெயர் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பலகையப் பாருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஒருவரும் பார்க்கவில்லை. பலகை கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் அடிப்பக்கம் தரையில் படக் கிடந்தது. பத்து அடி நடந்தால் போதும். போய்ப் புரட்டியிருந்தால் மணலில் படுகிற இடத்தில் ஒரு கீறலும் இல்லை என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் திரும்பினேன். திரும்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவரை ஊரிலிருந்து நீக்கினீர்கள். எனக்கு வேறு உத்தரவு போட்டீர்கள்: "அந்தச் சனியன உடைச்சு எரிச்சிரு."

அவர் மாப்பிள்ளையூரணியில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். போகும்போது கையில் ஒரு பெட்டியும் அந்தப் பனிக்கட்டை ஜோடியும்தான். நான் நாலு வருஷம் கழித்து ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வீட்டுப் பின்னால் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, "அண்ணே, வந்திருக்கவுகளப் பாத்து ரெண்டு வார்த்த பேசேன்" என்றார். அவர் டீயின்மேல் இருந்த ஆடையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

நான்தான் வெடித்தேன். "ஏன் அண்ணாச்சி அன்னைக்கு என் பேரச் சொல்லல? சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போச்சு? இவன்தான் இழைச்சான், தலைவர்தான் சொன்னாருன்னு ரெண்டு வார்த்த. ரெண்டே வார்த்த. உமக்கு வாயில்லியா?"

தங்கச்சி பயந்து கதவோரம் நின்றார். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"இழைச்சது நீ" என்றார். "கோடு போட வேண்டியதும் நீதான்."

அவ்வளவுதான். அதற்குமேல் என்னென்னவோ கேட்டேன், திட்டினேன்கூட. சிரட்டையை எடுத்துக்கொண்டார். நான் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். என்ன மனுஷன் இவர், தன் மானத்தைக்கூட அடுத்தவன் வந்து எடுத்துத் தரட்டும் என்று விட்டுவைப்பாரா என்று. எனக்கு விளங்கியது. விளங்கியும் ஏழு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் கமிட்டி எனக்குப் படகு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் தங்கச்சி என் பட்டறை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது நான்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அந்த அம்மாள் அழவில்லை. அண்ணன் மாதிரியே பேச்சு.

"பேர வாசிக்க முடியாதாம்" என்றார்.

"நான் கேக்கட்டுமாம்மா?"

என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னுமா நேரம் வரல?" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

தலைவரே, அந்தப் பலகையை நான் எரிக்கவில்லை. பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே பதினோரு வருஷமாக இருக்கிறது. போன வாரம் எடுத்துக் கழுவினேன். மெழுகு மஞ்சளாகிவிட்டது, பளபளப்பு போகவில்லை. இன்னும் முகம் தெரிகிறது. முன்னால் மணலில் படாமல் மேலே வளைகிற இடத்தில், என் ரந்தா எட்டாத ஒரு சாண் நீளத்தில், அவர் போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன. நேராக, ஒன்றுக்கொன்று நூல் பிடித்த மாதிரி. மற்ற இடமெல்லாம் கண்ணாடி.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அந்தப் பலகையை வண்டியில் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் அடிப்பக்கம் மேலே தெரியப் போடுவேன். சிலுவையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் என்னை அடிக்கவில்லை, நாற்காலியில் இருந்தபடி "நான் வாரேன்" என்றான். தங்கச்சிக்கும் போன் பண்ணிவிட்டேன். முதலில் நான் பேசுவேன். கோட்டை இழைத்தது என் கை என்று மைக்கில் சொல்வேன். ஊர் என்னை நீக்குவதாக இருந்தால் நீக்கட்டும்.

பிறகு மைக் உங்கள் கைக்கு வரும். தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அவர் கீறிக் கெடுத்ததாக எழுதியிருக்கிற பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு, பத்து அடி நடந்து வந்து, அன்றைக்கு அவர் பார்க்கச் சொன்ன பலகையைப் பாருங்கள். உங்கள் முகம் அதில் தெரியும். ஊர் முன்னால், சிலுவை முன்னால், பதில் சொல்லுங்கள்: கீறல் எங்கே? அதை எடுக்கச் சொன்னது யார்?

சொல்லிவிட்டு அவர் பெயரை வாசியுங்கள். பெயரை மட்டும் வாசித்தால் போதும். அவரும் அவ்வளவுதான் கேட்டிருப்பார்.